ஒரு வெடி என்றால் கறி

மால்ம் தீவில் ஒருவன் துப்பாக்கியோடு மலை ஏறினால் அவன் என்ன செய்கிறான் என்று யாரும் பின்னால் போய்ப் பார்ப்பதில்லை. காதே போதும். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி மான் வேட்டைப் பருவம் தொடங்கிவிட்டால் படகுத்துறையில் வலை தைப்பவர்களும் தபால் நிலையத்தில் நிற்பவர்களும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். மலையிலிருந்து ஒரு வெடி கேட்டால் "கறி" என்பார்கள். இரண்டு கேட்டால் "இருக்கலாம்." மூன்று கேட்டால் "மான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு." அதற்கு மேலும் கேட்டால் எண்ணுவதை விட்டுவிட்டு, அந்த மலைக்குப் போனவன் யார் என்று விசாரிப்பார்கள். சாயங்காலம் அவன் கடைக்குள் நுழையும்போது மழையைப் பற்றி மட்டும் பேசுவார்கள். அதைவிடப் பெரிய அவமானம் அலாஸ்காவின் தென்கிழக்குத் தீவுகளில் கிடையாது.

இந்தக் காதுக் கணக்கில் நாற்பத்திரண்டு வருடமாக முதலிடம் எய்னார் லோக்கனுக்குத்தான். ஹாலிபட் மீன் பிடித்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தெட்டு. ஒவ்வொரு ஆகஸ்டிலும் வைக்கோல்போர் மலையிலிருந்து ஒரே ஒரு வெடி கேட்கும். இரண்டு மணி நேரம் கழித்து எய்னார் மானை முதுகில் சுமந்துகொண்டு இறங்கி வருவார். பின்னால் அவர் மனைவி டாக்னி துப்பாக்கியைச் சுமந்துகொண்டு வருவார். துறையில் நிற்பவர்கள் எய்னாரின் முதுகில் தட்ட இடமில்லாமல் மானின் முதுகில் தட்டுவார்கள். "ஒத்தை வெடி எய்னார்" என்றுதான் தீவு முழுக்கப் பெயர்.

அப்படிப்பட்ட ஆள், தீவுக்கு ஒரு பொதுச் சுடுதளம் வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது குதித்திருக்க வேண்டும் அல்லவா? எய்னார் அதை எப்படித் தடுப்பது என்று யோசித்தார்.

பேச்சை எடுத்தவர் வெர்னா. ட்லிங்கிட் பழங்குடிப் பெண், ஐம்பது வயது. ஊரின் தலைவி, பள்ளிப் பேருந்தின் ஓட்டுநரும் அவரே. நானூறு பேர் உள்ள ஊரில் ஒரே ஒரு வேலையை வைத்துக்கொண்டு யாராலும் உட்கார முடியாது. அதுவரை தீவுக்காரர்கள் துப்பாக்கியைச் சரிபார்த்தது பழைய சரளைக் குழியில். அங்கே யாரோ கொண்டுபோய்ப் போட்ட துணி துவைக்கும் இயந்திரம் ஒன்று கிடந்தது. அவரவர் தனியாகப் போய் அதைச் சுட்டுவிட்டு வருவார்கள். ஒரு நாள் ஒரு தோட்டா அதில் பட்டுத் தெறித்து, சாலையில் போய்க்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் பக்கக் கண்ணாடியைக் கொண்டுபோய்விட்டது. பேருந்தில் பிள்ளைகள் இல்லை. வெர்னா இருந்தார்.

"கூரை போடணும், மண்மேடு எழுப்பணும், மேசை வரிசையா போடணும்," என்றார் ஊர்க் கூட்டத்தில். "எல்லாரும் ஒரே இடத்துல நின்னு, ஒரே பக்கமா, எல்லாரும் பாக்குற மாதிரி சுடணும்."

"எல்லாரும் பாக்குற மாதிரி" என்றதும் ஆண்கள் நாற்காலியில் நெளிந்தார்கள். சரளைக் குழியில் சுட்டால் எங்கே பட்டது என்று துவைக்கும் இயந்திரத்துக்கு மட்டும்தான் தெரியும். அது யாரிடமும் சொல்லாது.

முதலில் எழுந்தவர் எய்னார். சுடுதளத்துக்குப் பார்த்திருக்கும் இடத்தில் கழுகுக் கூடு இருக்கிறது என்றார். வெர்னா ஆளை அனுப்பிப் பார்த்தார். கூடு இருந்தது, கழுகு காலி செய்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அடுத்த வருடம், தோட்டாக்களின் ஈயம் ஓடையில் கலந்து சால்மன் மீன் சாகும் என்றார். ஓடை மலைக்கு அந்தப் பக்கம் ஓடியது. அதற்கடுத்த வருடம் சத்தம் என்றார். "சத்தமா?" என்றார் வெர்னா. "இந்த ஊருக்கு ரேடியோவே வெடிச் சத்தம்தானே?" இப்படி ஆறு வருடம் போனது. கடைசியில், இவ்வளவு நுணுக்கமாகக் குறை கண்டுபிடிப்பவரை வெளியே விட்டுவைத்தால் வேலை நடக்காது என்று வெர்னா அவரையே சுடுதளக் குழுவுக்குத் தலைவராக்கிவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டினால் எய்னாரால் மறுப்புச் சொல்ல முடியாது. அவருடைய நோயே அதுதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்திரண்டு வருடத்தில் எய்னார் ஒரு மானைக்கூடச் சுட்டதில்லை.

கல்யாணமான வருடம் இருவருமாக வைக்கோல்போர் மலைக்குப் போனார்கள். மானைக் கண்டது எய்னார்தான். பாசியும் நிழலுமாகக் கிடக்கும் சரிவில் ஒரு காது அசைந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும், அப்படி ஒரு கண். ஆனால் துப்பாக்கியைத் தூக்கியதும் கை தந்தியடித்தது. "இங்க குடு," என்றார் டாக்னி. ஒரு வெடி. எய்னார் மானைச் சுமந்துகொண்டு இறங்கினார். துறையில் நின்றவர்கள் "ஒத்தை வெடியாமே எய்னார்!" என்று சூழ்ந்துகொண்டார்கள். நான் இல்லை, இவள் என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் யாரோ சூடான காபியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். குடித்தார். காபி முடிந்தபோது பேச்சு வேறெங்கோ போயிருந்தது. வீட்டுக்கு வந்து டாக்னியின் முகத்தைப் பார்த்தார். "விடு, கறி கறிதானே," என்றார் டாக்னி. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாற்பத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டார் மனிதர்.

இப்போது சுடுதளம் தயார். தகரக் கூரை, எட்டு மேசைகள், நூறு கெஜம் தள்ளிக் குறி அட்டைகள், அதற்குப் பின்னால் மண்மேடு. ஜூலை கடைசி சனிக்கிழமை திறப்பு விழா. கடை வாசலில் வெர்னா ஒட்டிய தாளில் இப்படி இருந்தது: "முதல் வெடி: ஒத்தை வெடி எய்னார். அவர் சுட்ட அட்டை சட்டம் போட்டு ஊர்க் கூடத்தில் மாட்டப்படும்."

எய்னார் அதை இரண்டு முறை படித்தார். பிறகு நேராக வீட்டுக்குப் போய், துப்பாக்கியைத் தார்ப்பாயில் சுற்றிப் படகில் வைத்துக்கொண்டு, தீவின் அந்தக் கோடியில் இருக்கும் ஆளில்லாத குடாவுக்குப் போனார். ஆரஞ்சு நிற மிதவை ஒன்றை நீரில் விட்டார். பதினொரு முறை சுட்டார். மிதவை அலையில் மெல்ல ஆடிக்கொண்டே இருந்தது. கடைசியில் அதைக் கையால் எடுத்துப் படகில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

மறுநாள் காலை கடையில் மெர்ல் காபி ஊற்றினார். மெர்ல் கடைக்காரர், எய்னாரோடு ஒரே வகுப்பில் படித்தவர். மாவும் ஆணியும் விற்பார், வேட்டை லைசென்ஸும் அவரிடம்தான் வாங்க வேண்டும்.

"நேத்து அந்தப் பக்கத்துக் குடாவுல பதினொண்ணு கேட்டுச்சு," என்றார் மெர்ல்.

"அப்படியா?"

"பதினொண்ணு. காது வலிச்சுப் போச்சு. யாரா இருக்கும்?"

"வெளியூர்க்காரனா இருக்கும்," என்றார் எய்னார். "சொகுசுக் கப்பல்ல வந்தவன் எவனாவது."

"அதான் நானும் நெனச்சேன். பாவம், அவனுக்குக் கண்ணு தெரியாது போல." மெர்ல் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினார். "நல்ல மழை வரும் போலிருக்கு, இல்ல?"

எய்னார் பாதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அவர் வலது கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு சமையலறைக்குள் வந்தார். டாக்னி நாளைக்கு எடுத்துப்போக புளூபெர்ரி கேக் செய்துகொண்டிருந்தார்.

"என்னாச்சு?"

"விறகு அடுக்கும்போது தோள் பிசகிடுச்சு. நாளைக்குச் சுட முடியாது போலிருக்கு. வருத்தமாத்தான் இருக்கு."

டாக்னி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "காலையில கட்டினப்ப இடது கையில இருந்துச்சு."

எய்னார் குனிந்து பார்த்தார். காலையில் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தது எந்தக் கை என்று அவருக்கே நினைவில்லை.

"உக்காரு," என்றார் டாக்னி. அவரும் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். "எய்னார், நான் நாப்பத்திரண்டு வருஷம் வாயைத் திறக்கல. நாளைக்கும் திறக்க மாட்டேன். ஆனா உன் தோள் எப்படியிருக்குன்னு எவனாவது என்னைக் கேட்டா, பொய் சொல்ல மாட்டேன். கறி கறிதான்னு சொன்னேன். அது பொய் இல்ல. இது பொய்."

"ஊரே சிரிக்கும் டாக்னி. இந்த வயசுல எனக்கு வேற என்ன இருக்கு? அந்தப் பேரு ஒண்ணுதான்."

"ஆமா," என்றார் டாக்னி. "அது ஒண்ணுதான் இருந்துச்சு. நம்ம வீட்டுல ரெண்டு பேருக்கு." பிறகு எழுந்து போய் அடுப்பைப் பார்த்தார்.

எய்னார் கட்டை அவிழ்த்தார். அந்த வாக்கியம் மட்டும் அவிழவில்லை. இராத்திரி படுக்கையில் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தான் பயந்தது சிரிப்புக்கு மட்டும்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

சனிக்கிழமை வழக்கம்போல் மழை. ஊரில் பாதிக்கு மேல் வந்திருந்தது. புகை போட்ட சால்மனும் ஹாலிபட் சூப்பும் கேக்குமாக ஒரு மேசை நிரம்பியிருந்தது. கூரையின் கடைசியில் அந்த மேசைக்குப் பின்னால் டாக்னி நின்றார். வெர்னா விசிலோடு நின்று சிவப்புக் கொடியை ஏற்றினார். முக்காலியில் ஒரு தொலைநோக்கி நின்றது, எங்கே பட்டது என்று பார்த்துச் சொல்ல.

"மேசை நம்பர் ஒண்ணு," என்றார் வெர்னா. "எய்னார், உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம். எப்ப வேணும்னாலும்."

எய்னார் உட்கார்ந்தார். காதுக்கவசத்தை மாட்டினார். துப்பாக்கியைத் தோளில் வைத்ததும் கை தந்தியடித்தது, நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அடித்த அதே தந்தி. குறிபார்க்கும் கண்ணாடியில் அட்டை வந்தது, போனது, மண்மேடு வந்தது, ஒரு காக்கை வந்தது. ஒரு மூச்சு வாங்கிக்கொள்ளத் தலையைத் திருப்பினார். கூட்டத்துக்கு அப்பால் டாக்னி தெரிந்தார். கேக் வெட்டும் கத்தி கையில் இருந்தது, ஆனால் பார்வை கொடியில் இருந்தது. காற்று எந்தப் பக்கம், எவ்வளவு என்று அளந்துகொண்டிருந்தார். கால்களை லேசாக அகட்டி, இடது காலை முன்னே வைத்து, மலையில் நிற்பதுபோலவே நின்றார். தன்னை அறியாமல்தான் அப்படி நின்றார். எய்னாருக்குத் தாங்கவில்லை.

துப்பாக்கியின் தோட்டாவைக் கழற்றி மேசையில் வைத்தார். காதுக்கவசத்தை எடுத்தார். எழுந்தார்.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றார். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. "அந்த ஒத்தை வெடி நான் இல்ல. ஒரு தடவைகூட நான் இல்ல. எல்லாம் டாக்னி. நான் மானைக் கண்டுபிடிப்பேன். சுமப்பேன். சுட்டது பூராவும் அவ."

சொல்லிவிட்டு, வானம் இடிந்து விழட்டும் என்று காத்திருந்தார். தகரத்தில் மழை பெய்தது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். ஒருவர் சூப்புக் கிண்ணத்தைக் கைமாற்றினார்.

"சரி," என்றார் மெர்ல். "அப்ப சாப்பிடலாமா?"

எய்னாருக்குப் புரியவில்லை. "நான் சொன்னது கேட்டுச்சா உனக்கு?"

"கேட்டுச்சுப்பா. தொண்ணூத்தி மூணுல பித்தப்பையை எடுக்க நீ ஜூனோ ஆஸ்பத்திரியில படுத்திருந்த. அப்ப உன் மலையில ஒரு வெடி கேட்டுச்சு. நீ திரும்பி வந்து, அந்த மான் நீ கிளம்புறதுக்கு முந்தின நாள் சுட்டதுன்னு சொன்ன. நாங்களும் சரின்னோம்." மெர்ல் தலையைச் சொறிந்தார். "அதுவுமில்லாம, ஒன்பது வருஷமா நீ லைசென்ஸே வாங்கல எய்னார். டாக்னிதான் வாங்குறா. விக்கிறவன் நானில்லையா?"

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். எய்னார் கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வலை தைப்பவர்களுக்குத் தெரிந்திருந்தது, தபால்காரருக்குத் தெரிந்திருந்தது. "உங்களைக் கூப்பிட்டாத்தான் டாக்னியும் வருவாங்கன்னு கூப்பிட்டேன்," என்றார் வெர்னா, கொஞ்சம் கூச்சத்தோடு. எய்னார் மேசையில் சாய்ந்துகொண்டார். இதற்காகவா ஆறு வருடம் கழுகுக்கும் சால்மனுக்கும் வக்கீலாக இருந்தோம் என்று சிரிப்புக்கூட வந்தது. எல்லோரும் சிரிக்கத் தொடங்கினார்கள். ஒருவர் வந்து அவர் முதுகில் தட்டினார், தைரியமாக ஒப்புக்கொண்டதற்காக.

அந்தத் தட்டலுக்கு நடுவில்தான் கேக் மேசையிலிருந்து கத்தியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"எல்லாருக்கும் தெரியுமா?" என்றார் டாக்னி.

சிரிப்பு நின்றது.

"மெர்ல். தொண்ணூத்தி மூணுலருந்தே தெரியுமா உனக்கு?"

"ஆமா டாக்னி, அதான் சொன்னேனே..."

"முப்பது வருஷம்." டாக்னி மேசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். குரலை உயர்த்தவில்லை. "வாரத்துக்கு ரெண்டு தடவை உன் கடைக்கு வரேன். மாவு வாங்கியிருக்கேன். மழையைப் பத்திப் பேசியிருக்கோம். என் முட்டி வலியைப் பத்திப் பேசியிருக்கோம். உன் பொண்டாட்டி வளக்குற கோழியைப் பத்தி எவ்வளவு பேசியிருக்கோம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நல்லா சுட்ட டாக்னின்னு சொன்னியா?"

மெர்ல் தொப்பியைக் கழற்றினார். "எய்னார் மனசு நோகுமேன்னுதான்..."

"எய்னார் மனசு," என்றார் டாக்னி.

அந்த இரண்டு சொல்லுக்குப் பிறகு கூரைக்குக் கீழே யாரும் யாரையும் பார்க்கவில்லை. எய்னார்தான் எல்லோரையும் விடக் கீழே பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் பட்ட பயம் ஒன்றுமே இல்லை, வெட்கம் என்றால் இதுதான் என்று தோன்றியது.

"எனக்கும் தெரியும்," என்றார் வெர்னா. "நானும் சொல்லல. தப்புதான் டாக்னி."

டாக்னி தலையசைத்தார். பிறகு மேசை நம்பர் ஒன்றுக்கு வந்து எய்னாரைப் பார்த்தார். எய்னார் இடத்தை விட்டு நகர்ந்து, அவருக்குப் பழக்கமான இடத்துக்குப் போனார். தொலைநோக்கிக்குப் பின்னால்.

"உக்காந்து சுடலாம் டாக்னி," என்றார் வெர்னா.

"மலையில ஏது மேசை?" என்று டாக்னி நின்றபடியே துப்பாக்கியை எடுத்து, மேசையில் கிடந்த தோட்டாவை உள்ளே போட்டார். கொடியை ஒருமுறை பார்த்தார். ஒரு வெடி.

மலையில் வெடிக்குப் பிறகு எய்னார் வாயே திறந்ததில்லை. சத்தம் போட்டால் மற்ற மான்கள் ஓடிவிடும் என்பது அவர் கணக்கு. எழுந்து மானை எடுக்கப் போய்விடுவார். அதனால் நாற்பத்திரண்டு வருடத்தில் அவரும்கூட நன்றாகச் சுட்டாய் என்று சொன்னதில்லை என்பது தொலைநோக்கியில் கண்ணை வைத்தபோதுதான் அவருக்கு உறைத்தது. அட்டையின் நட்ட நடுவில் ஒரு துளை. அவருக்குக் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"டாக்னி லோக்கன்," என்று துறை வரைக்கும் கேட்கும்படி கத்தினார். "ஒரு வெடி. கறி."

கை தட்டல் கூரையைப் பிய்த்தது. டாக்னி திரும்பவில்லை. துப்பாக்கியைத் திறந்து, மேசையில் வைத்து, கூட்டம் ஓயும் வரை பொறுத்தார்.

"போதும்," என்றார். "இது பொதுச் சுடுதளம்தானே? அப்ப எல்லாரும் சுடுங்க. நான் இங்கதான் நிப்பேன். எய்னார் பாத்துச் சொல்வான். ஒருத்தர் விடாம வரிசையில நில்லுங்க."

அப்போதுதான் ஒருவருக்குக் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தது நினைவு வந்தது. இன்னொருவருக்கு அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்தது. தபால்காரருக்குத் தோள் பிசகியது. ஆனால் வெர்னா முன்னமே போய்ப் பள்ளிப் பேருந்தை வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"மெர்ல்," என்றார் டாக்னி. "நீ முதல்ல வா."

மெர்ல் வந்தார். உட்கார்ந்தார். நெற்றி வியர்வையைத் துடைத்தார். நெடுநேரம் குறி பார்த்தார். சுட்டார். எய்னார் தீவிலேயே சிறந்த கண்ணை வைத்துக்கொண்டு அட்டையைப் பார்த்தார், பக்கத்து அட்டையைப் பார்த்தார், மண்மேட்டை இடமிருந்து வலமாகப் பார்த்தார். பிறகு மேட்டுக்கு மேலே, மெல்ல முறிந்து சாய்ந்துகொண்டிருந்த ஒரு மரக்கிளையைக் கண்டார்.

"மான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு," என்று அறிவித்தார்.

மெர்ல் காதுவரை சிவந்துபோய் எழுந்தார். டாக்னி பக்கத்தில் வந்து, அவர் தோளில் கை வைத்து, கனிவாகச் சொன்னார்.

"கவலைப்படாத மெர்ல். எல்லாரும் பாத்தோம். ஆனா உன் மனசு நோகுமே, முப்பது வருஷத்துக்கு யாரும் வாயைத் திறக்க மாட்டோம்."